தராசு பழுதான நாள்

ஹியாம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் தண்ணியா? டீ இல்லையா?"

"டாக்டர் குடுக்கக் கூடாதுன்னுட்டார், யாபா."

"அப்ப இந்தத் தண்ணிய அவரையே வந்து குடிக்கச் சொல்லு, யாபா."

சல்த் ஊரில் மகள் அப்பாவை யாபா என்பாள். அப்பாவும் மகளைத் திரும்ப யாபா என்பார். அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஹியாம் ஒருத்திதான் இருந்தாள். ஊருக்கெல்லாம் அவர் அபு அவ்வாத், அதாவது அவ்வாதின் அப்பா. வேடிக்கை என்னவென்றால், அவ்வாத் என்று ஒரு மகன் பிறக்கவே இல்லை. தாத்தா பெயர்தான் மூத்த மகனுக்கு என்பது வழக்கம் என்பதால், மீசை முளைத்த நாளிலேயே அந்தப் பெயரை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஹியாமோடு குழந்தைகள் நின்றுபோயின. பெயர் மட்டும் நிற்காமல் கூடவே வந்தது. அம்மான் நகருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிய காலத்திலும் பயணிகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"அவ்வாத் போன் பண்ணானா?" என்றார் திடீரென்று.

பக்கத்து அறையில் அவருடைய தம்பி மகன் முஃப்லிஹ் உட்கார்ந்திருந்தான். ஹியாம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

போன குளிர்காலத்தில் எவனோ ஒரு படுபாவி இந்த வீட்டுக்குப் போன் செய்தான். ஊரார் கூப்பிடும் பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு, மகன் இருப்பான் என்று முடிவு கட்டிக்கொண்டான். "யாபா, நான்தான் அவ்வாத். கார்ல ஒருத்தர இடிச்சிட்டேன், போலீஸ் புடிச்சு வெச்சிருக்கு, உடனே பணம் வேணும்" என்று அழுதான். கிழவர் செத்துப்போன மனைவியின் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மழையில் நனைந்தபடி நகைக்கடை ஜிரியஸிடம் போய் நின்றார். விஷயத்தைக் கேட்ட ஜிரியஸ், "தராசு பழுதாயிருக்கு, உக்காருங்க" என்று சொல்லி, கணப்படுப்பைப் பக்கத்தில் நகர்த்திவைத்து, டீ கொடுத்து, உள்ளே போய் ஹியாமுக்குப் போன் போட்டார். அவள் ஓடி வரும்வரை கிழவரோடு பழைய பஸ் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. முஃப்லிஹ் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். பெரியப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கோர்ட்டில் சொல்லி, வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்து, அவரை முதியோர் இல்லத்தில் தள்ள அவனுக்கு வெகுநாளாகவே ஆசை. சாட்சி கேட்டு ஜிரியஸின் கடைக்குப் போனான். "வளையலோட திருகாணி லூசாயிருந்தது, இறுக்கிக் குடுத்தேன்" என்றார் ஜிரியஸ். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அந்தப் பதிலால்தான் அப்பா இன்று தன் கட்டிலில், தன் ஜன்னலுக்குக் கீழே படுத்திருக்கிறார்.

"போன் பண்ணான், யாபா" என்றாள் ஹியாம். "சுகமா இருக்கானாம்."

அப்பாவின் தோள் குலுங்கியது. இருமல் என்று பயந்தாள். சிரிப்பு.

"அடி பைத்தியமே. எனக்கு மகன் இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் போன? அந்த மழையில?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"யாபான்னு கூப்பிட்டான். ஆம்பளக் குரல்ல. கடை வரைக்கும் அவ்வாதோட அப்பாவா நடந்து போனேன். அவ்வளவுதான்." மூச்சு வாங்கியது. "அங்க போனா அந்த ஜிரியஸ் தராசு பழுதுங்கறான். அவன் தராசு என்னிக்குப் பழுதாச்சு! அவன் என்னை ஒரு கேள்விகூடக் கேக்கல, யாபா. ஒரு கேள்வி."

மதியத் தொழுகைக்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது. அவருடைய கையைப் பிடித்தபடி இருந்த ஹியாமுக்கு அழுகையோடு ஜிரியஸ் மேல் நன்றியும் சேர்ந்து பொங்கியது. அவர் முகத்தில் யாருக்கும் பயந்த சாயல் இல்லை.

மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களால் முன்னறை நிறைந்தது. பெண்கள் உள்ளே, ஆண்கள் முன்னறையில். முஃப்லிஹ் கசப்புக் காபிச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரன் தோரணையில் சுற்றி வந்தான். ஜிரியஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது ஹியாம் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"வாங்க மாமா" என்றான் முஃப்லிஹ், எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. இல்லாத மகனுக்காகப் பெரியப்பா வளையல விக்க வந்தாராமே? பாவம், கடைசிக் காலத்துல மூளை கலங்கிடுச்சு."

ஹியாம் சீலையை இறுகப் பிடித்தாள். அப்பாவை மண்ணில் வைத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் ஊர் சிரிக்கப்போகிறதே என்று பதறினாள்.

ஜிரியஸ் நிதானமாக உட்கார்ந்தார்.

"உனக்கு எத்தன வாட்டி சொல்றது, தம்பி? திருகாணி லூசு. இறுக்கிக் குடுத்தேன். கூலி வேணாம்னேன், அதுக்கு அந்த மனுஷன் என்னை, கடையே அதிரத் திட்டினார். மூளை கலங்கினவனுக்கு அவ்வளவு சுத்தமா வசவு வராது."

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலர். ஒருவர் அபு அவ்வாத் பஸ்ஸில் வாங்கிய வசவைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் தன் பங்குக்கு.

ஹியாம் சீலையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். முஃப்லிஹின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். அவனுக்கு விடத் தோன்றவில்லை. ஆனால் அவள் இழுப்பு அப்படி இருந்தது.

"உன் தல சுகமா இருக்கட்டும், மகளே" என்று ஊர் வழக்கப்படி ஆறுதல் சொன்னார் ஜிரியஸ்.

அவள் கோப்பையில் ஊற்றினாள். குடித்துவிட்டு அவர், போதும் என்பதற்கு அங்கே எல்லாரும் செய்வதுபோல, கோப்பையை லேசாக ஆட்டி நீட்டினார்.

ஹியாம் அதைப் பார்க்காதவள் போல மறுபடி ஊற்றினாள்.