ஒரு பக்கத்து பிரேக்

ஆறரைக்கு எழுகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். ஒரு கோப்பை எடுக்கிறேன். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டி மர்மலேட் தடவுகிறேன். சன்னல் பலகையைத் துடைக்கிறேன். அதன் ஓரத்தில் ஜாடி மூடியின் மேல் ஒரு நிலக்கரி வண்டி நிற்கிறது. அதைச் சுற்றித்தான் துடைப்பேன். வண்டியைத் தொடுவதில்லை. ஏழு இருபதுக்குக் கதவைப் பூட்டுகிறேன்.

நாலு மாதமாக இப்படித்தான்.

வண்டி என் மனைவி ரொவீனா செய்தது. விரல் நீளம். அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. அசல் வண்டி, பார்ன்ஸ்லி ஊருக்குப் பக்கத்தில் ஹாலோ பெக் என்ற சுரங்கத்தின் சரக்கு ரயிலில் ஓடியது. குட்டி ரயில்கள் செய்யும் எங்கள் கிளப்பின் பொம்மை ரயில் நிலையத்தில் எப்போதும் 1907 அக்டோபர். அந்த மாதத்துக்கு அந்த வண்டி எப்படி இருந்திருக்குமோ அப்படியே வேண்டும் என்று பதினான்கு மாதம் உழைத்தாள்.

நான் பொறியியல் படித்தவன். பாலங்களின் விரிசலை அளப்பது என் வேலை. நுணுக்கம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அவள் அளவுக்கு நான் எதையும் செய்ததில்லை. வண்டிப் பக்கவாட்டின் ஏழு பலகைகளில் ஒன்றை மட்டும் புதுமரத்தின் நிறத்தில் விட்டிருந்தாள், பழுதுபார்த்த பலகை அது. சுரங்கத்தின் பெயரை வெள்ளையில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்பு நிழல் கொடுத்திருந்தாள். வண்டிக்குள் நிலக்கரி கொட்டிய பிறகு யார் கண்ணிலும் படாத இரும்புப் பட்டைகளுக்கும் துருவின் நிறம் தீட்டியிருந்தாள்.

"யாரு பாக்கப் போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிலக்கரிக்குத் தெரியும்ல," என்றாள்.

ஒரு குறை இருந்தது. வண்டியின் ஒரு பக்கத்தில் பிரேக் லீவரும் சக்கரத்தை அழுத்தும் கட்டைகளும் இருந்தன. மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. மறுபக்கத்துக்கான துண்டுகள் சின்ன உறையில் பிரிக்காமல் கிடந்தன.

சனிக்கிழமை டவுன் ஹாலில் கிளப்பின் கண்காட்சி. எட்டு வண்டித் தொடரில் ஏழு தயார், எட்டாவது ரொவீனாவுடையது என்று நெவில் ஆக்ராய்ட் தொலைபேசியில் சொன்னார். நெவில் பல் மருத்துவர். பிறர் வண்டிகளில் ஆணித்தலைகளை எண்ணுபவர். அரைகுறை வேலையை அவர் பார்வைக்கு அனுப்ப மனம் வரவில்லை. ரொவீனா முடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை இடுக்கியையும் பசையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை.

சனி காலை வண்டியை மூடியோடு ஒரு காலணிப் பெட்டியில் இறக்கினேன். உறையையும் போட்டுக்கொண்டேன்.

எட்டரைக்கே ஹாலில் மேசைகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா டங்கன்," என்றார் நெவில். "டீ ஆறிப்போச்சு. பிஸ்கட்டை பெரில் முடிச்சுட்டா."

"புளுகாதீங்க. மூணுதான் தின்னேன்," என்றாள் பெரில். சிக்னல்களை இயக்குபவள் அவள்.

பெட்டியைத் திறந்தேன். "மறுபக்கம் பிரேக் ஒட்டலை. துண்டெல்லாம் இருக்கு. கதவு திறக்கறதுக்குள்ள நீங்க ஒட்டித் தர முடியுமா? நான் ஒட்டினா கெட்டுடும்."

நெவில் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு பக்கம். பிறகு மேசையைச் சுற்றி வந்து மறுபக்கம்.

"இதுல மட்டும் பசையை வெச்சேன்னு வை," என்றார் கடைசியில், "உன் பொண்டாட்டி எழுந்து வந்து என் பல்லைப் புடுங்குவா."

"ஏன்?"

"1907 இது. அப்போ இந்த மாதிரி வண்டி பலதுக்கு ஒரு பக்கம்தான் பிரேக். ரெண்டு பக்கமும் வேணும்னு சட்டம் வந்தது அப்புறம். கடையில விக்கற பெட்டியில ரெண்டு பக்கத்துக்கும் துண்டு போட்டுக் குடுக்கறானா, நாங்க பாட்டுக்கு ஒட்டிருவோம். எல்லாரும் பண்ற தப்பு. நானும் பண்ணேன். மூணு வண்டியில."

"அவ சொன்னாளே," என்றாள் பெரில். "மூஞ்சிக்கு நேரா சொன்னா. 'நெவில், உங்க வண்டி எதிர்காலத்துலேர்ந்து வந்திருக்கு, திருப்பி அனுப்புங்க'ன்னு."

"நான்தான் ஒத்துக்கலை. ஆதாரம் எங்கேன்னு கத்தினேன்."

அவர் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். ஏதோ ஆவணக் காப்பகத்திலிருந்து கிளப் முகவரிக்கு, ரொவீனா பெயருக்கு வந்தது. அவள் போய் ஆறு வாரத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. உள்ளே ஒரு புகைப்பட நகல். சுரங்க முற்றத்தில் ஹாலோ பெக் வண்டி, வழக்கமாக யாரும் படம் எடுக்காத பக்கத்திலிருந்து. லீவர் இல்லை. கட்டை இல்லை. கீழிருந்து மூன்றாவது பலகை மட்டும் வெளிர் நிறம்.

"அந்தப் பலகையைக்கூடப் புடிச்சிருக்கா பாரு," என்றார். "இந்தப் படத்தைப் பாக்காமலே. எழுத்துல இருந்த ஏதோ பழுதுக் குறிப்பை வெச்சு."

"உங்க மூணு வண்டி?"

"போன மாசமே ஒரு பக்கம் பிச்சு எடுத்தாச்சு. பல்லு புடுங்கற சாமானை வெச்சு." நெவில் சிரிக்கவில்லை. "இந்தக் கிளப்புல ஒழுங்கா வண்டி செஞ்சது அவ ஒருத்திதான். நீயே தண்டவாளத்துல வை."

நான் நின்றேன்.

"என்னப்பா," என்றாள் பெரில், "கடிக்காது."

இரண்டு விரல்களால் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். உள்ளே ஈயத்தகடு வைத்திருக்கிறாள் போல. கடைசி வண்டியின் பின்னால் வைத்தேன். கொக்கியை நெவில் மாட்டினார்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. மழைக்கோட்டுக்காரர் ஒருவர் தடுப்புக் கயிற்றின் மேல் சாய்ந்து, "ஏங்க, கடைசி வண்டியில பிரேக் விழுந்துடுச்சு போல," என்றார்.

நெவில் இதற்காகவே காத்திருந்தவர். "விழலைங்க," என்று ஆரம்பித்தார். அந்த மனிதரால் கால்மணி நேரம் நகர முடியவில்லை. ரொவீனாவின் பெயரை நெவில் ஐந்து தடவை சொன்னார். நான் எண்ணினேன்.

பெரில் என் பக்கம் வந்தாள். "நாலு மாசமா ஏன் கொண்டுவரலை, கண்ணு? சொல்லியிருந்தா நாங்களே வந்து எடுத்திருப்போமே."

"வேலை," என்றேன்.

கடைசியாக ரொவீனா என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டபோது, அழகாக எதையோ சொல்லிவைத்தேன். அன்று காலை ரொவீனா சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். சன்னல் பக்கம் கைகாட்டினாள். பதினொன்றரைக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். வாசலில் அவள் சொன்னது இதுதான்:

"பெயின்ட் இன்னும் காயலை. தொட்டுடாதே."