படுத்தால் குறைகிற நம்பர்

அந்த வீட்டுக்குப் பிரஷர் மிஷின் வந்த நாளில் மருமகளைத் தவிர எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. ஒரு வெள்ளை டப்பா, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனியில் கையில் சுற்றுகிற நீலப் பட்டை. பொத்தானை அமுக்கினால் பட்டை உப்பிக் கையைக் கவ்வும். பிறகு மெல்லத் தளர்ந்து, மேலே ஒரு நம்பர், கீழே ஒரு நம்பர் காட்டும். மாமியார் கட்டிப் பார்த்தாள். அவள் மகன் கட்டிப் பார்த்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவும் உள்ளே வந்து கட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் குமரிப் பொண்ணு மாதிரி காட்டுதே!" என்று பூரித்துப் போனாள். மிஷின் யாருக்காக வந்ததோ அவள் முறை கடைசியில்தான் வந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி, பிள்ளை இல்லையென்று சொந்தமும் பந்தமும் அவளை மென்று துப்பி ஓய்ந்த பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளை. பரிசோதனைக்குப் போன இடத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று, ஆஸ்பத்திரி நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவது போலச் சொல்லியிருந்தாள்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாற்காலியில சாஞ்சு உட்காரு. கால் ரெண்டும் தரையில படணும். கையை மேஜை மேல நெஞ்சு உயரத்துக்கு வை. அஞ்சு நிமிஷம் பேசாம இருந்துட்டு அப்புறம் எடு. நம்பரைப் போட்டோ பிடிச்சு எனக்கு அனுப்பு. மேல் நம்பர் நூத்தி நாப்பதைத் தொட்டா யோசிக்காதே, கிளம்பி வந்துடு. உன் உயிரு, புள்ள உயிரு, ரெண்டும் இருக்கு அதுல."

நல்ல புத்திமதிதான். ஆனால் அந்த வீட்டில் ஐந்து நிமிஷம் யார் பேசாமல் இருந்தார்கள்? அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமியார் எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி.

"நானும் நாலு பெத்தேன். கையில ஒரு கயிறு கட்டினவங்க உண்டா? எட்டாம் மாசத்துல துணி துவைச்சுட்டு இருந்தவ நான்."

"அத்தை, கொஞ்ச நேரம்..."

"பேசக் கூடாதா? சரிம்மா, மகாராணி கொலுவுல இருக்காங்க, நாங்க வாயை மூடிக்கறோம்."

பட்டை கையைக் கவ்வும்போது அவளுக்கு நெஞ்சு காதில் அடிக்கும். ஏறிவிடக் கூடாதே என்று நினைப்பாள். நினைத்த மாத்திரத்தில் ஏறும். நூற்று முப்பத்தெட்டு. வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்று உள்ளே இருப்பவனிடம் சொல்வாள். மகன்தான் என்று அவளாக முடிவு செய்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் நூற்று நாற்பத்தாறு காட்டியது. நர்ஸம்மா சொன்னபடி கிளம்பினாள். புருஷன் கடையை மூடிவிட்டு வந்தான், மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆசுவாசப்படுத்தி எடுத்தால், சமர்த்தாக இறங்கி நின்றது நம்பர். ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். "வந்தது நல்லது, எப்பவும் இப்படியே வா" என்றாள் நர்ஸம்மா. அந்த வார்த்தை அவள் காதோடு நின்றது. வீட்டுக்காரர்கள் காதில் ஏறியது வேறு.

"ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டினா" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்பாரி வைத்தாள் மாமியார். "அடுப்படி வேலையிலேருந்து தப்பிக்க ஒரு மிஷின் கிடைச்சுடுச்சு." அன்றிலிருந்து மருமகளுக்குப் பெயரே 'மீட்டர்' என்று ஆகிவிட்டது. "மீட்டர், காபி போடு." "மீட்டர் எழுந்தாச்சா? இன்னிக்கு எவ்வளவு ஓடியிருக்கு?" புருஷனும் சிரிப்பான். அவன் சிரிக்கும்போது அவளும் கூடவே சிரித்து வைப்பாள். அதுதான் பாவம்.

மீட்டர் என்ற பெயர் சும்மா வரவில்லை. அவன் பழைய கார் வாங்கி விற்கிறவன். வீட்டை ஒட்டியே தகரக் கொட்டகை. அங்கே ஒரு கார் வந்து நின்றால் முதல் காரியம், அது ஓடிய கிலோமீட்டரைக் குறைப்பது. லட்சம் தாண்டி ஓடிக் களைத்த வண்டி, அவன் கை பட்டதும் நேற்றுப் பிறந்த மாதிரி முப்பதாயிரம் காட்டும். அதைப் பொய் என்று அவன் நினைத்ததேயில்லை. "வாங்கறவன் பார்க்கறது வண்டியை இல்ல, நம்பரை. நல்ல நம்பரைக் காட்டு, அவனும் நிம்மதியாத் தூங்குவான், நாமும் தூங்கலாம்" என்பான்.

அப்படிப்பட்டவன் கையில்தான் அந்தப் பட்டையும் ஒரு நாள் போய்ச் சேர்ந்தது.

அன்று அவள் களைப்பில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அப்படிப் படுத்து ஓய்வெடுப்பது பிள்ளைக்கு நல்லது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். போட்டோ அனுப்ப நேரமாகிவிட்டது. எழுந்திருக்கச் சோம்பல்பட்டவளிடம், "இரு இரு, நானே கட்டறேன்" என்று அவன் உட்கார்ந்து, மேலே கிடந்த வலது கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினான்.

நூற்று இருபத்திரண்டு.

அவன் விசிலடித்தான். மறுபடி எடுத்தான். நூற்று இருபது. "உக்காரு பார்ப்போம்" என்றான். உட்கார்ந்தாள். நூற்று முப்பத்தொன்பது. "படு." படுத்தாள். நூற்று இருபத்தொன்று.

"அடிப்பாவி, இவ்வளவு நாளா உக்காந்து உக்காந்து கெடுத்துட்டியேடி! அம்மா, இங்க வந்து பாரு, மீட்டர் இறங்கிடுச்சு!"

"உட்கார்ந்து எடுக்கணும்னுதானே நர்ஸம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள் அவள்.

"இடது பக்கம் படுன்னும் அவங்கதானே சொன்னாங்க? நாம என்ன நம்பரைக் கையால எழுதறோமா? மிஷின் காட்டறதை அனுப்பறோம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டால் நம்பர் குறைந்துதான் காட்டும், உள்ளே ஒன்றும் குறையாது என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. நர்ஸம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்று மூன்று பேருக்குமே உள்ளுக்குள் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வீடு மாறிப் போனது, போங்கள். காலையில் மாமியாரே காபி கொண்டு வந்து வைத்தாள். "என்னடி, நல்லாயிருக்கியா?" என்றாள். புருஷன் கொட்டகைக்குப் போகும் முன் தலையைத் தடவிவிட்டுப் போனான். நர்ஸம்மாவிடமிருந்து கட்டை விரல் படம் வந்தது, 'அருமை, இப்படியே இருக்கட்டும்' என்று. அன்புக்கு ஏங்கிக் கிடந்தவள் அவள். படுத்துக்கொண்டு கையை நீட்டினால் கிடைக்கிற அன்பை யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவளைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. திட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எட்டாம் மாதத்தில் மோதிரம் விரலை இறுக்கியது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. தலையில் ஒரு பக்கம் ஆணி அடித்த மாதிரி வலி. பாத்திரம் கழுவும்போது கண்ணெதிரே வெள்ளி வெள்ளியாகப் பூச்சி பறந்தது.

"அத்தை, கண்ணுல என்னவோ மின்னுது."

"காலையில நம்பர் என்ன?"

"நூத்தி இருபத்தி நாலு."

"அப்புறம் என்ன? கண்ணுல மின்னுதாம். தங்கமா பாரு, எடுத்து உள்ள வை."

மாமியார் குளிக்கப் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலைத் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் வைத்து, பேசாமல் இருந்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். பட்டை உப்பியது, போதாதென்று மறுபடி உப்பியது. நூற்று அறுபத்திரண்டு.

அந்த நம்பரைப் பார்த்தபோது அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. போட்டோ பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டகைக்குப் போனாள். அவன் ஒரு காரின் உள்ளே குனிந்திருந்தான்.

"என்னங்க, உக்காந்து எடுத்தேன். இதை நர்ஸம்மாவுக்கு அனுப்பிடறேன்."

அவன் போனை வாங்கிப் பார்த்தான். முகம் கொஞ்சம் வெளுத்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவன் வாயில் வந்தது தொழில்.

"பைத்தியமா உனக்கு? இதுவரைக்கும் நூத்தி இருபது நூத்தி இருபதுன்னு அனுப்பிட்டு, இன்னிக்குத் திடீர்னு இதை அனுப்புவியா? குறைச்ச மீட்டரை நாமளே ஏத்திக் காட்டினா என்ன கேப்பாங்க? இவ்வளவு நாளா எப்படி எடுத்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

"படுத்து எடுத்தேன்னு சொல்றேன்."

"யாரு படுக்கச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. என் பேரைச் சொல்லுவியா?"

அவள் போனுக்காகக் கையை நீட்டினாள்.

"போன தடவை மாதிரி அங்க போனதும் இறங்கிடும், மறுபடி ஊரு சிரிக்கும். போய்ப் படு. பயந்துக்கிட்டே எடுத்தா ஏறத்தான் செய்யும். படுத்து எடுத்து அனுப்பு."

அந்தப் போட்டோவை அவனே அழித்தான். அவள் போய் இடது பக்கமாகப் படுத்தாள். மேலே கிடந்த கையில் பட்டையைச் சுற்றினாள். இந்தத் தடவை அப்படிப் படுத்தும் நூற்று நாற்பத்து மூன்று காட்டியது. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, தலையணைமேல் வைத்துக்கொண்டு எடுத்தாள். நூற்று முப்பத்து நான்கு. அனுப்பினாள். கட்டை விரல் வந்தது.

மறுநாள் மத்தியானம் அடுப்படியில் விழுந்தாள்.

"எழுந்திருடி, நடிச்சது போதும்" என்றாள் மாமியார், திரும்பிப் பார்க்காமலே. குழம்பைக் கிளறி, அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் திரும்பினாள். தரையில் மருமகளின் குதிகால் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் நுரையும் ரத்தமும். அப்போதுதான் மாமியார் அலறினாள். அலறியதிலும் முதலில் வந்த வார்த்தை, "டேய், என் மேல பழி போட்டுடப் போறாடா!"

கொட்டகையில் விற்பனைக்கு நின்ற கார்களில் ஒன்றில் போட்டுக்கொண்டு போனார்கள். அது வழியில் இரண்டு முறை நின்றது. முப்பதாயிரம்தான் ஓடியிருப்பதாகக் காட்டிய வண்டி.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மகன்தான். அவள் சொன்னது அந்த ஒன்றில்தான் சரியாகப் போனது.

டாக்டரம்மா வந்து போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தானே இருந்திருக்கு? எப்படி?"

"மிஷின் கோளாறுங்க டாக்டர்" என்றான் புருஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிஜக் கண்ணீர்தான். "அந்த மிஷினை நம்பி மோசம் போயிட்டோம்."

நர்ஸம்மா கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். "நீ உட்கார்ந்துதானேம்மா எடுத்தே?"

வலிப்பில் நாக்கைக் கடித்துத் தையல் போட்டிருந்தார்கள். அவளால் பேச முடியவில்லை. தலையையாவது அசைத்திருக்கலாம். புருஷன் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அவளே தன் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். குடிக்க ஆளில்லாத பால் கட்டி, மார்பு கல்லாகக் கனத்தது. பக்கத்து வீட்டம்மா துக்கம் விசாரிக்க வந்தபோதெல்லாம் மாமியார், "பாழாப்போன மிஷின் எங்க குலத்தையே கெடுத்துடுச்சு" என்று மூக்கைச் சிந்தினாள். மிஷின் அலமாரியில் அதே டப்பாவில், குழாய் சுற்றி வைத்தபடி இருந்தது.

தையலைப் பிரித்தபின், நாக்குக் கொஞ்சம் புரள ஆரம்பித்த ஒரு காலையில் வாசலில் பேச்சுக் கேட்டது. கார் பார்க்க வந்த ஒருவன், கூடவே வயிறு தள்ளிய அவன் மனைவி. சின்னப் பெண். பேச்சுவாக்கில், வீட்டிலேயே பிரஷர் பார்த்துக்கொள்ள டாக்டர் சொல்லியிருப்பதாக அவன் சொல்லியிருக்கிறான். விற்கிறவன் விடுவானா?

"அட, எங்ககிட்டயே ஒண்ணு இருக்கு சார். புதுசு மாதிரி. ஒரே கை பட்டது."

"சரியா காட்டுமா?"

"என்ன சார் அப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு புள்ளி தப்பாது. அப்படியே துல்லியமா காட்டும். நானே கட்டிப் பார்த்திருக்கேன்."

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இதைக் கேட்டாள். எழுந்தாள். கூடத்துக்கு வந்து நின்றாள். அவளைக் கண்டதும் புருஷன் வாய் திறந்தபடி நின்றது.

"மறுபடி சொல்லுங்க" என்றாள். நாக்குத் தடித்திருந்ததால் குழந்தை பேசுவது போல இருந்தது. "மிஷின் எப்படிக் காட்டும்?"

அவன் கார் பார்க்க வந்தவன் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "சாஞ்சுக்கோம்மா. காலைக் கீழ வை. பேசாதே." அலமாரியிலிருந்த மிஷினை எடுத்துப் பட்டையைச் சுற்றி, கையை மேஜைமேல் வைத்தாள். அந்த வீட்டில் அன்றுதான் முதல் முறையாக ஐந்து நிமிஷம் ஒருத்தரும் பேசாமல் இருந்தார்கள். பட்டை உப்பி, தளர்ந்தது.

நூற்று நாற்பத்தெட்டு.

"ஐயோ, ஏறியிருக்கே!" என்றான் பெண்ணின் புருஷன். "மிஷின் கோளாறா இருக்குமோ?"

"ஆமா, கோளாறுதான்" என்றாள் மாமியார் அவசரமாக, அடுப்படி வாசலிலிருந்து. "அது எப்பவும் அப்படித்தான்."

"கோளாறு அதுல இல்ல" என்றாள் அவள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க. இங்க நிக்கிற கார்ல மட்டும் போகாதீங்க." பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "யாரு என்ன சொன்னாலும் படுத்துக்கிட்டு எடுக்காதே, கண்ணு. படுத்தா நல்லாத்தான் காட்டும்."

அவர்கள் ஓடினார்கள். மிஷினை வாங்கவில்லை. காரையும் வாங்கவில்லை.

அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, "நல்ல கிராக்கி. கெடுத்துட்டியேடி" என்றான்.

அவள் நாற்காலியைத் துடைத்து, அவன் பக்கம் திருப்பிப் போட்டாள். பட்டையைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றாள்.

அவன் உட்காரவில்லை.