மூன்று விரல்

எங்கள் கார் பந்தயத் தடத்தில் ஒரு கார் சுழன்று நின்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை. அங்கே ஒரு வலை கட்டியிருக்கும். மோதும்போது கை வெளியே போய்விடாமல் இருப்பதற்காக. ஓட்டுநர் வலையை அவிழ்த்து இறக்கினால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். வலை அப்படியே நின்றால் மஞ்சள் கொடி. எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து வரிசையாக ஊர வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே போகும்.

மஞ்சள் கொடியில் இன்னொன்றும் உண்டு. முன்னால் போனவர்கள் பாடுபட்டுச் சேர்த்த இடைவெளி கரைந்துவிடும். சுழன்று நின்றவன் காரைத் திருப்பி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு சுற்றுகூட நஷ்டமில்லை. இதைக் கண்டுபிடிக்க ஓட்டுநர்களுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. சும்மா புல்லில் சறுக்கி நின்றவன்கூட வலையை இறக்காமல், சர்ச்சில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தான்.

மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள். ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். சாமில் க்ரீக் தடத்தின் முதலாளி ஹோமர் செட்ஸர் என்னைக் கூப்பிட்டார். பந்தயத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. எந்தக் கொடி விழவேண்டும் என்று, தடத்துக்கு மேலே இருக்கும் கண்காணிப்புக் கூண்டிலிருந்து சொல்வது நான்.

"ஊர்வலம் பாக்கணும்னா ஜனங்க கிறிஸ்துமஸுக்கு டவுனுக்குப் போவாங்க, நடீன்," என்றார்.

நான் ஒரு விதி போட்டேன். வலை இறங்காவிட்டால் மஞ்சள் கொடி உண்டு. ஆனால் அந்த ஓட்டுநர் ஆம்புலன்ஸில் ஏறி டாக்டரிடம் போகவேண்டும். அன்று அவருக்குப் பந்தயம் அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமையே வலைகள் படபடவென்று இறங்கின. சில வலைகள் கார் நிற்பதற்கு முன்பே இறங்கின. பந்தயம் பந்தயமாக ஓடியது. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். வறுத்த பலோனி இறைச்சி சாண்ட்விச் இடைவேளைக்குள் தீர்ந்துபோனது. ஹோமர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தொட்டார்.

என் தம்பி கார்லண்ட் 27ஆம் எண் காரை ஓட்டுகிறான். வாரநாட்களில் வீடுகளுக்கு ஏ.சி. மாட்டும் வேலை. இரண்டு வருடமாகப் பருவத்தின் முடிவில் புள்ளிக் கணக்கில் இரண்டாவதாக வந்திருந்தான். எங்கள் தடத்தில் சாம்பியன் ஆனவர் அடுத்த வருடம் முழுவதும் காரில் ஒன்றாம் எண் போட்டுக்கொள்ளலாம். அவனுக்கு அந்த ஒன்று வேண்டும். வேறு எதையும் அவன் அவ்வளவு கேட்டதில்லை. இந்த வருடம் அவன்தான் முன்னணியில் இருந்தான்.

ஜூலையில் அவன் கார் நான்காம் வளைவில் சுவரில் மோதி நின்றது. உடனே வலை இறங்கியது. பச்சைக் கொடி அப்படியே இருந்தது. அவனே காரை, டயர் மாற்றிப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்கு ஓட்டிவந்தான். வந்து, புள்ளிக் கணக்கில் அவனுக்கு அடுத்தபடியாக இருந்த கோரி லெய்லின் இடத்தில் நிறுத்தினான். இறங்கி, என் டயரெல்லாம் எங்கே என்று கோரியிடமே கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து கோரி சிரித்தான்.

நான் கூண்டிலிருந்து இறங்கி வந்தேன். கார்லண்ட் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, பந்தயம் எப்ப ஆரம்பிக்குது?"

தலையில் அடிபட்ட அதிர்ச்சி என்றார் டாக்டர். இரண்டு சனிக்கிழமை ஓட்டக்கூடாது. வலையை இறக்கியது அவனுக்கு நினைவே இல்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சுவர் நினைவிருக்கிறது, பிறகு கோரியின் முகம் நினைவிருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை என்றான். என் ஆம்புலன்ஸுக்குப் பயந்து பயந்து அவன் கை அந்த வேலையைத் தானாகச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தது.

வலை மட்டும் போதாது என்று ஹோமரிடம் சொன்னேன். ஓட்டுநர்கள் காதில் ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்களால் திருப்பிப் பேச முடியாது. பேச முடிந்தாலும் நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுப் பயனில்லை. கூரையிலிருந்து விழுந்த தன் மாமனாரும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார், இரண்டு கால்களும் ஒடிந்திருந்தன என்று கொடி காட்டும் ஓடெல் சொன்னார். அதனால் விரலால் பதில் சொல்லும்படி ஒரு கேள்வி கேட்போம் என்றேன். சரியான எண்ணிக்கையில் விரலைக் காட்டினால் பச்சை தொடரும், அவன் கிளம்பலாம். தப்பாகக் காட்டினாலோ காட்டவே இல்லை என்றாலோ மஞ்சள், ஆம்புலன்ஸ்.

ஹோமருக்குப் பிடிக்கவில்லை. இப்போதுதான் கூட்டம் வர ஆரம்பித்திருக்கிறது, பந்தயத்தை மறுபடி பள்ளிக்கூடம் ஆக்காதே என்றார். அன்று சாயங்காலமே போன் செய்தார். யோசித்துப் பார்த்தாராம். கேள்வியை ஓட்டுநர் காதோடு ஒலிபெருக்கியிலும் கேட்டால் என்ன?

அறிவிப்பாளர் வெண்டெல் டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் யாரைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது இல்லை. ஓட்டுநர் சோதனையில் எத்தனை முறை தோற்றாய் என்று ஒருவனைக் கேட்டார். உன் மாமியார் எத்தனை முறை உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார் என்று இன்னொருவனை. ஜன்னலிலிருந்து கை வெளியே வரும்போது கூட்டம் விரல்களைச் சேர்ந்து எண்ணும். கோரி லெய்லிடம் எத்தனை கல்யாணம் என்று கேட்டார். கோரி ஒரு விரலைக் காட்டினான். கொஞ்சம் தயங்கி இன்னொன்றைச் சேர்த்தான். கூட்டம் எழுந்து நின்றது. எண்ணிக்கை சரிதான் என்று அவனுடைய இப்போதைய மனைவியே உறுதிப்படுத்தினாள்.

எவனாவது சுழலமாட்டானா என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். முன்பு மோதலுக்காகக் காத்திருந்தவர்கள்.

கடைசிப் பந்தயம் அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தும் கார்லண்ட் முன்னணியைத் திரும்பப் பிடித்திருந்தான். முதல் பத்து இடங்களுக்குள் முடித்தால் கோரி ஜெயித்தாலும் கவலையில்லை. பத்துச் சுற்று மீதியிருக்கும்போது அவன் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த ஒருவனின் பம்பர் லேசாகத் தொட்டது. கார்லண்ட் சுழன்று இரண்டாம் வளைவின் உட்புறப் புல்லில் போய் நின்றான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலை இறங்கியது. பதில் சொல்லிவிட்டு உடனே கிளம்பினால் ஒன்பதாவதாகவாவது சேர்ந்துகொள்ளலாம்.

அவனுக்குச் சுலபமாக ஒன்று கேட்க நினைத்ததாக வெண்டெல் பிறகு சொன்னார்.

"கார்லண்ட், உனக்கு எத்தன புள்ளைங்க?"

கை வெளியே வந்தது. மூன்று விரல்.

எண்ண ஆரம்பித்த கூட்டம் பாதியில் நின்றது. யாரோ சிரித்தார்கள். வெண்டெல் கேள்வியை மறுபடி நிதானமாகக் கேட்டார். கை மறுபடி வந்தது. அதே மூன்று. இந்த முறை அதை ஆட்டிக் காட்டினான்.

கொடி மேடையிலிருந்து ஓடெலின் குரல் காதில் வந்தது. "நடீன், என்ன பண்ணட்டும்? ஒரு விரல்தானே கூட."

ஹோமர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். முன்னால் இருந்த இரண்டு கார்களும் கதவோடு கதவு உரசிக்கொண்டு ஓடின. வருடத்தின் நல்ல பந்தயம் அதுதான். மஞ்சள் என்றால் அது அந்த இடத்திலேயே நிற்கும். என் தம்பியின் ஒன்றாம் எண்ணும் போய்விடும்.

அவன் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு பெண், ஒரு பையன். இரண்டு பேரையும் பிறந்த அன்றே தூக்கியிருக்கிறேன். பந்தயம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்ட அந்த முகமும் எனக்குத் தெரியும்.

"மஞ்சள்," என்றேன்.

கூட்டம் ஊளையிட்டது. ஆம்புலன்ஸ் புல்லில் இறங்கியது. கார்லண்ட் அவர்களுடன் வாதாடிக்கொண்டே காரிலிருந்து வெளியே வந்தான். கூண்டைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். பிறகு பார்வையாளர் பக்கம் கையை நீட்டினான்.

நான் அங்கே பார்த்தேன். அவன் மனைவி கெண்ட்ரா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. பக்கத்தில் என் அம்மா எழுந்து நின்று, தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தபோது ஆம்புலன்ஸின் கதவு மூடியிருந்தது. ஏறியவரை இறக்கும் விதி எதையும் நான் போடவில்லை.

மீதிச் சுற்றுகள் ஓடி முடிந்தன. முன்னால் உரசிக்கொண்டிருந்தவர்கள் கடைசி வரை உரசினார்கள். கோரி அந்த இரண்டு பேரையும் கடைசி வளைவில் வெளிப்புறமாக முந்தினான். சாம்பியனும் ஆனான்.

பிட்டுக்குப் பின்னால் டாக்டரின் வண்டியில் கார்லண்ட் கட்டிலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். தலை, கழுத்து, எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் சொன்னார்.

"காலைலதான் கெண்ட்ரா மாசமா இருக்கேன்னு சொன்னா," என்றான் கார்லண்ட். "சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தோம்."

"ரெண்டுன்னு காட்டித் தொலைச்சிருக்கலாமேடா."

"நீதானே கேக்கச் சொன்ன. எண்ணிப் பாத்தேன்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். கடுகுச் சாந்து அதிகமாகப் போட்டிருந்தான். வெளியே கோரியின் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கோரி கோப்பையோடு உள்ளே வந்தான். கார்லண்டின் கையைக் குலுக்கினான்.

"மாப்ள, அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்ட. ஒலிபெருக்கி வெச்சுப் புள்ள பெத்த முதல் ஆளு நீதான்."

"உன் மூணாவது கல்யாணத்துக்கும் வெண்டெல்தான் அறிவிப்பு," என்றான் கார்லண்ட்.

கோரி கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மனைவி வெளியே நின்றிருந்தாள்.

விதியை மாற்றவில்லை. பிள்ளைகள் பற்றிக் கேட்பதை மட்டும் வெண்டெல் நிறுத்திவிட்டார்.

ஜூனில் பெண் பிறந்தாள். அடுத்த சனிக்கிழமை கார்லண்ட் பழைய 27ஆம் எண்ணோடு தடத்துக்கு வந்தான். எட்டாவது சுற்றில் முதல் வளைவில் சுழன்று புல்லில் நின்றான். வலை இறங்கியது.

"கார்லண்ட்," என்றார் வெண்டெல், "நேத்து ராத்திரி எத்தன மணி நேரம் தூங்கின?"

கை வெளியே வந்தது. மூடிய முஷ்டி. கூட்டம் காத்திருந்தது. விரல் எதுவும் விரியவில்லை.

"இது பதிலா, நடீன்?" என்று கேட்டார் ஓடெல்.

நான் கெண்ட்ராவைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தாள். மடியில் குழந்தை, காதில் பெரிய ஒலித்தடுப்பானோடு. கெண்ட்ரா கூண்டைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பச்சை," என்றேன்.