குரங்கணிக்கு மேலே ஓர் உப ஜனாதிபதி இல்லம்

அந்த மார்கழியில் போடி முழுக்க ஒரே பேச்சு. உப ஜனாதிபதி ஏலமலையைப் பார்க்க வருகிறார். சுப்புத்தாயின் தோட்ட பங்களாவில் ஓர் இரவு தங்குகிறார். அவர் தங்கும் நாளில் அந்த வீடுதான் அவருடைய அதிகாரபூர்வ இல்லம் என்று தாசில்தாரே சொல்லிவிட்டார்.

குரங்கணிக்கு மேலே, மேகம் முட்டுகிற சரிவில், ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய வீடு அது. துரை கப்பலேறியபோது சுப்புத்தாயின் கணவர் அதை வாங்கினார். அவர் காலமான பிறகு சுப்புத்தாய் கூடத்தில் கணப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தினாள். துரையின் சாய்வு நாற்காலிகளில் கோழிகள் அடைந்தன. இப்போது கோழிகளை விரட்டிவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தேக்குக் கட்டில் ஒன்று நாலு பேர் தலையில் ஏறி வந்து சேர்ந்தது.

சுப்புத்தாய் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது பாதை. போன மழையில் கழுதைப் பாதை சரிந்து, காயெல்லாம் மேலேயே பூசணம் பிடித்துப் போயிற்று. இன்னொரு வருடம் அப்படிப் போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான். டெல்லிக்காரரைக் கழுதைமேல் ஏற்ற முடியுமா? பங்களா வாசல் வரை ஜீப்புப் பாதை வெட்ட உத்தரவாயிற்று.

ராசிங்காபுரத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் காய் பறிப்பதை விட்டுவிட்டு மண் சுமந்தார்கள். சுப்புத்தாயும் சும்மாடு கட்டிக்கொண்டு நின்றாள். வளைவுக்கு வளைவு பாதை மேலே ஏறியது. கடைசியில், பங்களாவுக்குச் சற்றுக் கீழே, யானை படுத்தாற்போல ஒரு பாறை வழிமறித்தது. வெடிக்காரர் ஜக்கையன் அதில் குழி போட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் கீழிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். உப ஜனாதிபதியின் பயணம் ரத்தாகிவிட்டதாம். வேலையை நிறுத்தச் சொல்லித் தலையாரி சுருளி பின்னாலேயே வருகிறாராம்.

பாதை வேலையை நடத்தும் ஓவர்சியர் தங்கபாண்டியன் மேலே பங்களா வாசலில் நின்றிருந்தார். அவர் காதில் இது விழவில்லை. விழுந்தால் அந்த நொடியே வெடிமருந்துப் பெட்டி கீழே இறங்கிவிடும். உத்தரவு இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாத மனிதர்.

சுப்புத்தாய் சும்மாட்டை வீசிவிட்டுக் கீழே ஓடினாள். எதிர்ச்சரிவு வளைவில் சுருளி வந்துகொண்டிருந்தார். அவர் வாய் திறக்குமுன் அவள் மறித்துக்கொண்டாள்.

"நீ என்ன சேதி கொண்டாந்திருக்கேன்னு தெரியும் சுருளி. அந்தப் பாறை மட்டும் விழுந்துறட்டும்."

சுருளி பாறையைப் பார்த்தார். காலங்காலமாக இந்த மலையில் தாலுக்கா ஆபீஸ் சேதியைச் சுமந்து ஏறி இறங்குகிற தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு பங்களாவுக்கு முதுகு காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

"நான் இன்னும் வந்து சேரலை ஆத்தா. வெரசா சோலியப் பாருங்க."

அவள் மேலே பறந்தாள். ஜக்கையன் மருந்தைத் திணித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஓவர்சியரின் குரல் கேட்டது. அவர் சுருளியின் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா சுருளி, வந்துட்டியா?"

எல்லாக் கடப்பாரைகளும் நின்றன.

சுருளி திரும்பாமலே குரல் கொடுத்தார். "இன்னும் வரலைங்கய்யா."

தங்கபாண்டியன் அந்த முதுகைப் பார்த்தார். மண் அப்பிய முகங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, வந்ததும் சொல்லு," என்றவர், ஜக்கையனிடம் திரும்பினார். "என்னய்யா வேடிக்கை? திரியைப் பத்த வை."

விசில் ஒலித்தது. எல்லோரும் ஓடிப் பதுங்கினார்கள். மலை அதிர, பாறை பிளந்து பள்ளத்தில் உருண்டது. புகை அடங்குமுன்பே கூட்டம் பாய்ந்தது. கல்லைப் புரட்டினார்கள், மண்ணைக் கொட்டினார்கள், காலாலேயே மிதித்து நிரவினார்கள். வெடிமருந்து கொண்டுவந்துவிட்டுக் கீழே காத்திருந்த ஜீப்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. வழியில் சுருளி அதில் தொற்றிக்கொண்டார். சக்கரம் வழுக்கிய இடத்தில் இருபது கைகள் பின்னாலிருந்து தள்ளின. ஜீப்பு பங்களா வாசலில் வந்து நின்றது.

சுருளி இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓவர்சியர் முன் நின்றார்.

"இப்பத்தான்யா வந்தேன். டெல்லி ஐயா வரலையாம். வேலைய இந்த நிமிசமே நிறுத்தச் சொன்னாக."

"நிறுத்தியாச்சுன்னு போய்ச் சொல்லு."

சுப்புத்தாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உப ஜனாதிபதியின் கட்டிலுக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஏலக்காய் மூட்டை ஒன்று அதற்குள் அவள் தோளில் ஏறியிருந்தது.

"வண்டியை அணைச்சிராதப்பா," என்றாள் டிரைவரிடம். "லோடு ஏத்தணும்."