சாயம் காயாத கடைசி பெஞ்சு

ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் முறை சொல்லித்தரும் பயிற்றுநர் அவர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் ஆசிரியரின் புன்னகை தெரியும், கையசைவு தெரியும், கரும்பலகை தெரியும். பிள்ளைகளோ வெறும் பின்னந்தலைகள். அவர் மதிப்பெண் போடும் படிவத்தில் பின்னந்தலைக்குக் கட்டம் கிடையாது.

அவர் வருகிறார் என்றே தலைமையாசிரியை அன்று பெஞ்சுகளுக்குச் சாயம் அடித்து வைத்திருந்தார். கடைசி பெஞ்சு மட்டும் காயவில்லை.

"ஐயோ சார், உட்கார்ந்துடாதீங்க! ஒட்டிக்கும்!"

வேறு வழியில்லாமல் கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டார்கள்.

அன்று பாடம் எடுத்தவர் கணக்கு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன தடவை மதிப்பெண் போதவில்லை; இந்தத் தடவையும் போதாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்காகவே மாமியாரைக்கூட விடாமல் வண்ணம் தீட்ட வைத்து, அரை, கால் என்று பின்னங்களை விளக்கும் பெரிய சார்ட் ஒன்றைச் செய்து வந்திருந்தார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்!" கூரை அதிர்ந்தது.

பயிற்றுநர் திகைத்துப்போனார். வாய்கள்தான் அப்படிச் சொல்லின. கண்களோ மழைக்கு ஒதுங்கிய ஆட்டு மந்தையைப் போல மிரண்டு கிடந்தன. எல்லாரையும்விட உரக்கக் கத்திய ரெட்டைச் சடை, பக்கத்துச் சிறுமியிடம் கிசுகிசுத்தாள்:

"காலுதானேடி பெருசு? ரெண்டைவிட நாலு பெருசுல்ல?"

அது டீச்சர் காதிலும் விழுந்தது. ஒத்திகைப்படி அடுத்து பாட்டு. பாடிவிட்டால் வேலை நிலைத்துவிடும். டீச்சர் பயிற்றுநரைப் பார்த்தார். ரெட்டைச் சடையைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த சார்ட்டை உருவி, சர்ரென்று இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை மறுபடி இரண்டாக்கினார்.

"இந்தா கண்ணு. இது அரை, இது கால். மேல மேல வச்சுப் பாரு."

அவள் வைத்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள்.

"ஓ...! நிறைய பேருக்குப் பிச்சா சின்னதாப் போயிடுது மிஸ்!"

தலைமையாசிரியை பயிற்றுநரின் காதருகே குனிந்தார். "மன்னிச்சுக்குங்க சார். இந்தம்மா ரொம்பத்தான் கிழிச்சுட்டாங்க."

பயிற்றுநர் படிவத்தைத் துழாவினார். 'சார்ட்டின் நிலை' என்று கட்டம் இருந்தது. 'பிள்ளைக்குப் புரிந்ததா' என்று இல்லை. ஆண்டவனே, இத்தனை வருஷமும் எனக்குப் பின்னந்தலையையே காட்டிவிட்டாயே என்று மனசுக்குள் குறைப்பட்டார். ஆண்டவனா கடைசி பெஞ்சில் போய் உட்காரச் சொன்னான் என்று உடனே வெட்கமும் பட்டார். சார்ட்டுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

"சார், சார்ட்டே இல்லையே?" என்றார் தலைமையாசிரியை.

"அந்தப் பொண்ணுகிட்ட பத்திரமா இருக்கும்மா." டீச்சரிடம் திரும்பினார். "அடுத்த வருஷமும் இங்கேயே நடத்துங்க டீச்சர். நான் வந்து பார்க்கணும்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கிடந்த கால் துண்டைப் பொறுக்கினார்.

செய்தி காற்றாய்ப் பரவியது. அடுத்த பள்ளியில் முன்வரிசைக்கு எதிரே மெத்தை நாற்காலி காத்திருந்தது. பென்சில் கோடு போட்ட சார்ட்டைக் கோடு பிசகாமல் கிழித்தார்கள். வகுப்பே ஒரே சுருதியில் "ஓ...!" என்றது.

பயிற்றுநருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னலோரத்தில் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஓ சொல்ல மறந்துட்டேன் சார்," என்றாள் டீச்சரைப் பார்த்தபடி.

"நல்லதாப் போச்சு தாயி. எது புரியலைன்னு எனக்குச் சொல்லேன்."