தகரம் பிரிக்கும் நாள்

"புடி அபி! தொய்ய வுடாதே!"

கோதண்டபாணி போட்ட சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. அபிநயா பாய்ந்து போய்ப் பட்டிழைகளைத் தாங்கினாள். ஈரப் பாவு தரையைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி.

பிள்ளையார்பாளையத்தின் அந்தச் சந்துக்கு இரண்டு முனையிலும் தகரம் அடித்திருந்தார்கள். தெருவில் ஒருவருக்குக் கொரோனா. யாரும் வாசல் தாண்டக் கூடாது. காலையில் தறிக்கான பாவு இழைகளைத் தெருவில் நீட்ட மட்டும், ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம் என்று அனுமதித்திருந்தார்கள். தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் என்று முட்டிக்கொண்டு கிடந்த நான்கு பேருக்கும் அதுதான் வெளிக்காற்று.

அப்பா கோதண்டபாணி அந்தக் கோடி, அம்மா பூவம்மாள் இந்தக் கோடி, நடுவில் பிள்ளைகள் கமலும் அபியும். ஆறடி இடைவெளியைப் போலீஸ் வந்து அளக்க வேண்டியதில்லை. பாவே அளந்து கொடுத்தது.

"பூவு, யாருக்கும் ஒண்ணும் இல்லேன்னா இன்னிக்கு தகரம் பிரிக்கிறாங்களாம்!" எதிர் ஜன்னலிலிருந்து மணியம்மாள் குரல் கொடுத்தாள். "நீ தும்மித் தொலைக்காதே!"

"மூக்கையே மூடி வெச்சுக்கினு இருக்கேன், எங்கேந்து தும்முறது?"

பூவம்மாள் நேற்றே காய்ச்சி, காலையில் கலக்கிக் கொடுத்த கஞ்சியில் பிரஷ்ஷைத் தோய்த்து, கோதண்டபாணி இழைகளின் மேல் இழுத்தார். கஞ்சி ஏறினால்தான் தறியில் இழை அறுந்து தொலையாது.

"உவ்வே!" கமல் முகத்தைத் திருப்பினான். "இன்னாப்பா இது, எலி செத்த மாதிரி நாறுது!"

"ஊசிப்போன கஞ்சிப்பா!" என்றாள் அபி. "உனக்குத் தெரியல?"

"வாய மூடிக்கினு புடிங்க ரெண்டு பேரும்."

பூவம்மாளுக்குச் சுரீர் என்றது. விரலில் தொட்டு முகர்ந்து பார்க்காமல் கஞ்சியில் பிரஷ்ஷை வைக்கிற ஆளா இவர்? லேசாகப் புளித்தாலே பானையோடு சாக்கடையில் கவிழ்க்கிற மனுஷன்!

நேற்று அடிப்பிடித்த குழம்பைப் பிள்ளைகள் ஒதுக்கித் தள்ள, இவர் மட்டும் மூச்சு விடாமல் தின்று முடித்தாரே! ராத்திரி தறிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் படுத்தாரே! எப்போதும் தாடையில் தொங்கும் மாஸ்க் இன்று கண் வரைக்கும் ஏறியிருந்தது.

வாசனை போயிருக்கிறது. மறைக்கிறார்.

தகரத்தின் இடைவெளியில் உடம்பை நுழைத்துக்கொண்டு ஆஷிஃபா வந்தாள். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கிற தன்னார்வலர் பெண். நான்கு நெற்றிகளுக்கும் கருவியைக் காட்டினாள்.

"சூடு ஒண்ணும் இல்லக்கா. சளி, இருமல், வாசனை தெரியாம போறது... ஏதாச்சும் இருக்குதா? இல்லேன்னா இப்பவே பிரிக்கச் சொல்லிடுறேன்."

ஜன்னல்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. வாயைத் திறந்தால் தகரம் நேராக அவர்கள் வாசலுக்கே வரும். தெரு முழுக்கச் சபிக்கும். திறக்காவிட்டால்? அதே அறை, அதே காற்று, இரண்டு பிள்ளைகள்.

"இவருக்கு வாசனை தெரியலம்மா" என்றாள் பூவம்மாள்.

"அடிப்பாவி!" என்று மணியம்மாள் அலறினாள்.

கோதண்டபாணி கோபப்படவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கிட்டே வரவும் இல்லை.

"எனக்கு நல்லாவே நாறுது, பூவு. பானையத் தொறந்ததுமே நாறுச்சு. உள்ள தலைய வுட்டுக் கலக்கி, 'நல்லா வந்துக்கீது'ன்னு குடுத்தது நீதான். நேத்து குழம்பு தீயும்போது பக்கத்திலேயே நின்னுக்கினு இருந்தவளும் நீதான்." அவர் தெருவின் வெயிலைப் பார்த்தார். "நம்ம கதவுல தகரம் அடிக்கிறதுக்குள்ள, நீ கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டுமேன்னுதான் உன்ன தூரமா நிக்க வெச்சேன்."

பூவம்மாள் மாஸ்க்கை இறக்கினாள். கஞ்சி பிசுபிசுத்த விரல்களை மூக்கில் வைத்து அழுத்தி, ஆழமாக இழுத்தாள்.

ஒன்றுமே இல்லை.