காட்டேரி குதித்த மதில்

...ரத்தம் குடிக்க வருகிற பேய் சத்தமில்லாமல் வந்து கழுத்தில் வாய் வைக்க வேண்டாமா, இவன் என்னவோ கோதாவில் இறங்கிய பயில்வான் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டு வருகிறான், இதைப் பார்த்தால் பயமா வரும், எரிச்சல்தான் வருகிறது என்று செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவள்ளூர்க் கொட்டகையில் மேட்னி, பெண்கள் பக்கத்துத் தரை டிக்கெட், மணலெல்லாம் கடலைத் தோல். பார்த்துவிட்டு வந்து ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டுமாம், மணவாள நகர் வீட்டில் எட்டு மாதமாக இடுப்பொடிந்து கிடக்கிற புருஷன் ஜெயராஜ் அனுப்பியிருக்கிறான். "காட்டேரிக்கு டூப்பு நாந்தாம்மே, மூஞ்சி தெரியாது, முதுவப் பாத்துக்கோ, எது நல்லாகீது எது நல்லால்லன்னு வந்து சொல்லு." முதுகு... பன்னிரண்டு வருஷமாக எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு, அவளுக்கா தெரியாது?

சரி, நல்லது எது? சண்டை, அதைக் குறை சொல்ல முடியாது, படிக்கட்டில் நாலு பேரை உருட்டிவிட்டுத் தாவுகிற இடத்தில் பக்கத்திலிருந்த கிழவிகூட எழுந்து நின்றுவிட்டாள். முகம் திரும்பினால்தான் கேடு, வேறு எவனோ, பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு வாயை மூடத் தெரியவில்லை, வசனம் பேசினால் பல் ஆடுகிறது. அந்த ஜமீன் பெண்ணோ கடிபட்ட மறுநாளே தோட்டத்தில் ஓடிப் பாடுகிறாள், கழுத்தில் ஒரு தழும்புகூட இல்லை, சினிமாக்காரர்களுக்குக் காயம் அத்தனை சீக்கிரம் ஆறிவிடுமா, வீட்டில் ஒருத்தனுக்குப் படுக்கைப் புண் ஆறவில்லையே... முதலில் பெயர் போட்டார்களே, கண்கொட்டாமல் பார்த்தாள், குதிரை கொடுத்தவன் பெயர்கூட இருந்தது, ஜெயராஜ் பெயர் இல்லை. தூ. ஆனால் இவர்கள்மேல் வந்த கோபமெல்லாம் குப்புராஜ்மேல் இருக்கிற கோபத்துக்கு முன்னால் எம்மாத்திரம்? கூடப்பிறந்த தம்பி, ஜெயராஜ் மதிலிலிருந்து குதித்து இடுப்பொடிந்த அன்றைக்கு ஸ்டூடியோவில் கயிறு பிடித்தவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயராஜ் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உன் தம்பி கயித்த உட்டுட்டான்மே." தம்பி வாசலில் வந்து நின்று, "அக்கா, நா உடலக்கா, ஒருவாட்டி கேளுக்கா" என்று அழுதான், கதவைச் சாத்தினாள், பொங்கலுக்கு வந்தான், மறுபடியும் சாத்தினாள். சாத்தாமல் என்ன செய்வாள்?

இதோ மதில்... கொட்டகை அடங்கிப்போயிற்று. காட்டேரி உச்சியில் நிற்கிறான், முதுகு மட்டும், தோள் இரண்டும் ஒருமுறை குலுங்கின, கிணற்றில் குதிக்குமுன் அவன் அப்படித்தான் குலுக்குவான், வேண்டாம்யா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், அதற்குள் குதித்துவிட்டான், கறுப்பு அங்கி தலைக்குமேல் எழும்பியது, இடுப்பு தெரிந்தது. வெறும் இடுப்பு. கயிறு மாட்டுகிற தோல் பட்டை எங்கே? கயிறு எங்கே? கண்ணைக் கசக்குவதற்குள் வேறு காட்சி வந்துவிட்டது, கொட்டகை முழுக்க விசில்... கட்டாத கயிற்றைத் தம்பி எப்படி விட்டிருப்பான்? கயிறு இருந்தால் படத்தில் தெரியும், நன்றாயிராது என்று ஜெயராஜே கழற்றிப்போட்டானா, இல்லை எவனாவது கழற்றச் சொன்னானா, எட்டு மாதம், எட்டு மாதம் என் வாயால் அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் சபித்தேன்... படம் முடிந்ததுகூடத் தெரியவில்லை, வெயிலில் செருப்பில்லாமல் பாதி தூரம் வந்த பிறகுதான் கால் சுட்டது, திரும்பிப் போகவில்லை, கேட்டுவிட வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும்.

ஜெயராஜ் தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னாமே, எப்டிகீது?"

"சண்டை நல்லாகீது. மத்ததெல்லாம் குப்பை."

"மதிலு?"

"வுட்டான் பாரு விசிலு, காது போச்சி."

அவன் முகம் எட்டு மாதத்தில் இல்லாத மாதிரி மலர்ந்தது. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "கயிறு எங்கனா தெரிஞ்சிதா?"

வாயில் தயாராக இருந்த அத்தனையும் அப்படியே நின்றது. "இல்லியே," என்றாள், "தெரில." அவன் கண்ணை மூடிக்கொண்டான், மூச்சு நீளமாக வெளியே வந்தது. இதைப் பார்த்துவரத்தான் அனுப்பினானா... அந்த மூச்சு கயிறில்லாமல் குதித்து ஜெயித்தவன் மூச்சா, சொன்ன பொய் மாட்டாமல் தப்பித்தவன் மூச்சா, அவளுக்குப் பிடிபடவில்லை.